வலது கால்

படகில் ஏறி உட்கார்ந்ததும் சென்னியப்பன் முதலில் செய்த காரியம், தன் வலது கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்ததுதான். இருந்தது. மிதியின் மேலே, வைக்கவேண்டிய இடத்தில், ஐந்து விரல்களோடும் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் பார்த்தால்தான் தெரிகிறது என்பதுதான் சங்கதி. கண்ணை அப்பால் திருப்பினால் கணுக்காலுக்குக் கீழே ஒன்றும் இல்லை. வலி இல்லை, குளிர்ச்சி இல்லை, அடியில் இருப்பது பிளாஸ்டிக்கா இரும்பா தண்ணீரா என்ற சேதி எதுவும் மேலே வருவதில்லை. இடது காலும் அவ்வளவு யோக்கியம் இல்லை, ஆனாலும் அது ஏதோ கொஞ்சம் சொல்கிறது. வலதுதான் அடியோடு வாயை மூடிக்கொண்டுவிட்டது. ஏற்காட்டு ஏரியில், புரட்டாசிச் சனிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, காலாண்டுப் பரீட்சை லீவுக்கு வந்த பாதி ஜில்லாவும் லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு மிதந்துகொண்டிருக்கும்போது, ராசிபுரத்தில் ஜவ்வரிசி அரைக்கும் சேகோ மில்லில் முப்பத்தொரு வருஷம் போர்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஒரு மனுஷர் தன் காலையே தேடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் எவனும் சிரிப்பான். சென்னியப்பன் சிரிக்கிற நிலையில் இல்லை. நாளை மதியம் இதே காலை பிரேக்கில் வைத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கியாக வேண்டும். காரில் முன்னால் மனைவி சாந்தாமணி, பின்னால் மகள் வாணி, வாணியின் மடியில், அவரை அப்புச்சி என்று கூப்பிடும் ஆறு வயசுப் பேத்தி சஷ்மிதா. அதே நாலு பேர்தான் இந்த மிதிபடகிலும். முன்னால் அவரும் வாணியும் மிதிக்கிறார்கள். பின்னால் பேத்தியும் பாட்டியும் வேடிக்கை பார்த்துக்கொண்டு வருகிறார்கள். டிக்கெட் அரை மணி நேரத்துக்கு. அதற்குள் சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம்தான். கால் மரத்துப்போச்சு, என்னால் ஓட்ட முடியாது. மூணு தரம் மனசுக்குள் சொல்லிப் பார்த்தார். மூணு தரமும் கடைசி வார்த்தையில் வந்து நின்றுவிட்டது.

இந்த ஏற்காடே திட்டத்தில் கிடையாது. திட்டம் ஆலப்புழை. மாப்பிள்ளை ஓசூரிலிருந்து வேன் பேசியிருந்தார், டிரைவரோடு; டிரைவரோடு என்ற அந்த ஒரு சொல்லைக் கேட்டபோது சென்னியப்பனுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. படகு வீட்டில் ஒரு ராத்திரி, மீன் குழம்பு வேண்டாம் புரட்டாசி, அதனால் அவியலும் எரிசேரியும், பேத்திக்குக் காயல், மாமியாருக்குப் பத்மநாப சுவாமி என்று மாப்பிள்ளை எல்லாருக்கும் ஒன்று வைத்திருந்தார். சென்னியப்பனுக்கு அவர் வைத்திருந்தது இன்னொருத்தன் ஓட்டும் வேனின் ஜன்னலோரம் என்பது மாப்பிள்ளைக்கே தெரியாது. பிறகு புதன்கிழமை கம்பெனியில் ஆடிட் என்றார்கள், மாப்பிள்ளையின் லீவு போயிற்று, லீவோடு வேனும் போயிற்று, வேனோடு டிரைவரும் போய்விட்டான். சஷ்மி போட்டுல போகணும் போட்டுல போகணும் என்று தரையில் புரண்டு அழுதாள். அப்போதுதான் வாணி அந்த வார்த்தையைச் சொன்னாள். "எதுக்குடி அழுவற? அதான் அப்புச்சி காரு இருக்குதே." அதான் அப்புச்சி கார் இருக்கிறதே. பதினெட்டு வருஷமாக அந்தக் குடும்பத்தில் யார் எதில் மாட்டிக்கொண்டாலும் கடைசியில் அந்த வாக்கியத்தில்தான் வந்து கரையேறுவார்கள். வாணியின் பிரசவத்துக்கு அந்தக் கார். சாந்தாமணியின் அண்ணனுக்கு நெஞ்சு வலி வந்தபோது அந்தக் கார். யார் வீட்டுப் பெண் பார்ப்பதற்கும் அந்தக் கார்தான், ஏனென்றால் அது வழியில் நிற்காது. ஒருநாள்கூட நின்றதில்லை. நிற்காது என்றால் சும்மா நிற்காமல் இருந்ததா? பெல்ட், பிளக், கிளட்ச் பிளேட், ஹோஸ், பேரிங் என்று நின்றுபோவதற்கு ஒரு மாசம் முன்னாலேயே ஒவ்வொன்றையும் காது வைத்துக் கேட்டு மாற்றியவர் அவர். பிரேக் ஷூ போன மாசம்தான் புதுசு. அந்த வண்டியில் மாற்ற முடியாமல் போன பாகம் ஒன்றே ஒன்று, அது அவர் இடுப்பிலிருந்து தொங்குகிறது.

"அப்பா, நீங்க மிதிக்கறீங்களா, சும்மா கால வெச்சுக்கிட்டு இருக்கறீங்களா? எனக்கு மட்டும் பாரமா இருக்குது."

"மிதிச்சுக்கிட்டுத்தான கண்ணு இருக்கறேன்" என்றார். குனிந்து பார்த்தார். மிதிக்கத்தான் செய்தது. படகுத்துறையில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏறியவர் அவர் ஒருத்தர்தான். சீட்டுக் கிழிக்கிறவர்கூட, செருப்போடவே போலாங்கய்யா என்றார். வேண்டாம் என்றுவிட்டார். காருக்கும் அப்படித்தான். கதவைத் திறந்து, செருப்பைக் கழற்றி, ஜோடியாகச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, வலது காலை முதலில் உள்ளே வைப்பார். பக்தி என்று சாந்தாமணி நினைத்துக்கொண்டிருக்கிறாள். பக்தியும்தான்; ஆனால் முக்கால்வாசி கர்வம். வெறுங்காலில் ஓட்டினால்தான் வண்டி என்ன சொல்கிறது என்று தெரியும் என்பார், கேட்காதவர்களிடமும் சொல்வார். மில்லிலேயே அவருக்கு அந்தப் பேர் உண்டு. அரவை மெஷின் ஓடும்போது அடித்தட்டில் வெறுங்காலை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார், இடது பக்கத்து பேரிங் இன்னும் பத்து நாள் தாங்கும் என்பார், தாங்கும். முதலாளி வெளியூர் ஆட்களைக் கூட்டிவந்து அவர் காலைக் காட்டியிருக்கிறார். அந்தக் கால். வருஷப் பிறப்புக்குப் பக்கமாக முதலில் விரல் நுனியில் எறும்பு ஓடுவது போல இருந்தது. பிறகு எறும்பு நின்றது. நின்றதும் நிம்மதியாகத்தான் இருந்தது, சரியாகிவிட்டது என்று நினைத்தார், முட்டாள். சர்க்கரைக்கு மாத்திரை வாங்கும் டாக்டர் ஒருநாள், பெரியவரே கண்ணை மூடுங்க, காலில் தொடுறேன், தொட்டா சொல்லுங்க என்று ஒரு மெல்லிய நரம்பு மாதிரி ஒன்றை எடுத்தார். சென்னியப்பன் கண்ணை மூடினார். முழுக்க மூடவில்லை. இமைக்குள் ஒரு கீற்று விட்டு டாக்டரின் தோளைப் பார்த்தார். தோள் ஒவ்வொரு தடவையும் லேசாக இறங்கி ஏறியது, அதில் ஒரு தாளம் இருந்தது, மெஷினோடு முப்பது வருஷம் குப்பை கொட்டியவருக்குத் தாளம் பிடிபட எவ்வளவு நேரம்? ம் என்றார். ம். ம். பத்துக்கு எட்டு சரி. பரவாயில்லையே உங்க கால் என்று டாக்டர் தட்டிக்கொடுத்தார். தட்டியதும் தெரியவில்லை. யாரை ஏமாற்றினோம் என்று வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தபோதே கேட்டுக்கொண்டிருக்கலாம். கேட்கவில்லை. சந்தோஷமாக இருந்தது, ஜெயித்த மாதிரி இருந்தது, எதிரே போய் ஒரு டீ குடித்தார், அதுவும் சர்க்கரை போட்டு.

"அப்புச்சி, அந்த வாத்துப் போட்டு நம்மள முந்துது. வேகமா, வேகமா!" சஷ்மி பின்னாலிருந்து அவர் சட்டைக் காலரைப் பிடித்து ஆட்டினாள். சாந்தாமணி அவள் கையைத் தட்டிவிட்டு, "அப்புச்சிக்கு மூச்சு வாங்குமில்ல, சும்மா இரு சாமி" என்றாள். மூச்சு வாங்கினால் பரவாயில்லை. மூச்சு வாங்குவது தெரிகிறதே. வேகமாக மிதித்தார். தண்ணீர் பச்சையாக, கலங்கலாக, படகுக்கு அடியில் சளக் சளக்கென்று அடித்துக்கொண்டது. எதிர்க்கரையில் சில்வர் ஓக் மரங்களுக்குப் பின்னாலிருந்து வெள்ளைப் புகை மாதிரி மஞ்சு இறங்கிக்கொண்டிருந்தது. மஞ்சு இறங்கினால் ரோடு தெரியாது. ரோடு தெரியாவிட்டால் கண்ணை ரோட்டிலிருந்து எடுக்கவே கூடாது. கண்ணை எடுக்காவிட்டால் கால் எங்கே இருக்கிறது என்று எப்படித் தெரியும்? இதுதான் அவர் நேற்றிலிருந்து சுற்றிச் சுற்றி வருகிற இடம். ரோட்டைப் பார்த்தால் கால் தொலைந்துபோகிறது, காலைப் பார்த்தால் ரோடு தொலைந்துபோகிறது. சமவெளியில் சமாளித்துவிடலாம், ராசிபுரத்திலிருந்து சேலம் வரைக்கும் சமாளித்துத்தான் வந்தார். சத்தத்தை வைத்து, முழங்காலை வைத்து, இஞ்சின் இழுக்கிற இழுப்பை வைத்து, பாதத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வைத்து. அடிவாரத்தில் தண்ணீர் குடிக்க நிறுத்தி, போர்டைப் பார்த்தார். கொண்டை ஊசி வளைவுகள் இருபது. ஏறுவதுதானே, ஏறும்போது பிரேக்குக்கு என்ன வேலை என்று நினைத்தார். பதிமூணாவது வளைவு வரைக்கும் அது சரியாகத்தான் இருந்தது.

பதிமூணில் அந்த பஸ். அதைப் பற்றி நினைக்கக்கூடாது என்று காலையில் இட்லி சாப்பிடும்போது முடிவு பண்ணியிருந்தார், ஆனால் ஏரியில் வேறு என்ன வேலை? மேலேயிருந்து இறங்கிவந்த பஸ், ஏறுகிற வண்டிக்கு வழிவிட வேண்டும் என்ற மலைப்பாதை மரியாதைப்படி, வளைவுக்கு மேலேயே ஓரமாக நின்றிருந்தது. நின்றிருந்தது. ஓடவில்லை. அந்த டிரைவர் கையை வெளியே நீட்டி, வாங்க வாங்க என்று சைகைகூடக் காட்டினார். சென்னியப்பன் வளைவைக் கொஞ்சம் அகலமாக எடுத்துவிட்டார், சரி, பிரேக் பிடித்து நிதானித்துத் திரும்பலாம் என்று மிதித்தார். வண்டி நிற்கவில்லை. முன்னால் பாய்ந்தது. பிரேக் போச்சு என்று நினைத்தார்; பதினெட்டு வருஷம் கூட இருந்த வண்டியைத்தான் முதலில் சந்தேகப்பட்டார், அதை நினைத்தால் இன்னும் வெட்கமாக இருக்கிறது. குனிந்து பார்த்தார். பிரேக்கின் மேல் இருப்பதாக அவர் சத்தியம் பண்ணியிருக்கக்கூடிய கால் ஆக்சிலேட்டரின் மேல் இருந்தது. அழகாக, முழுப் பாதமும் பதிந்து. யாரோ ஒருத்தர் காலைப் பார்ப்பது போலப் பார்த்தார். அந்தப் பார்வை எவ்வளவு நேரம் இருந்திருக்கும், அரை விநாடி இருக்குமா? கையால் தொடையைத் தூக்கிப் பிரேக்கின் மேல் போட்டார். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி, பஸ்ஸின் பம்பருக்கு ஒரு சாண் முன்னால் அணைந்து நின்றது. சாந்தாமணி பெருமாளே என்று கத்தினாள். சஷ்மி முன்சீட்டில் மோதிக்கொண்டு, அழலாமா வேண்டாமா என்று அம்மாவைப் பார்த்தாள். அப்போது சென்னியப்பன் வாயிலிருந்து வந்தது, "எப்படி வந்து நிக்கறான் பாரு, அறிவு கெட்டவன்." அவ்வளவுதான், காரே சேர்ந்துகொண்டது. சாந்தாமணி அந்த டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுத்தாள். வாணி கண்ணாடியை இறக்கி, பாத்து ஓட்டக் கூடாதாண்ணே என்றாள். அந்த டிரைவர் மேலேயிருந்து சென்னியப்பனின் முகத்தைப் பார்த்தார், கோபமாகக்கூட இல்லை, பிறகு அவர் தொடையின் மேல் இருந்த கையைப் பார்த்தார். உலகத்தில் விஷயம் தெரிந்த ஒரே ஆள் அவர்தான். அவர் தினமும் ஏறி இறங்குகிறவர். நாளைக்கும் ஏதோ ஒரு வளைவில் எதிரே வரலாம்.

அதற்குத்தான், உண்மையைச் சொல்ல வாய் வராமல் போனால் ஆகட்டும் என்று, சென்னியப்பன் ஒரு வழி பண்ணி வைத்திருந்தார். இன்று ராத்திரி எல்லாரும் தூங்கின பிறகு சேலத்தில் பழைய மில் சிநேகிதன் ஒருத்தனுக்குப் போன் போட்டு ஒரு ஆக்டிங் டிரைவரை ஏற்பாடு பண்ணச் சொல்வது. அவன் நாளைக் காலை முதல் பஸ்ஸில் மேலே வந்துவிடுவான். வந்ததும் எதேச்சையாகப் பார்த்தது போல, அட நீயா, கீழதான் போறியா, அப்ப நீயே ஓட்டப்பா, நான் பேத்தியோட பின்னால உக்காந்து வேடிக்கை பாத்துக்கிட்டு வர்றேன் என்று சொல்வது. இதில் எங்கேயும் கால் வராது. யாரும் எதையும் விட்டுக்கொடுத்ததாக ஆகாது. கொஞ்சம் நாடகம்தான், ஆனால் நல்ல நாடகம், வசனத்தைக்கூட இரண்டு தரம் சொல்லிப் பார்த்துவிட்டார். இன்று ராத்திரி ஒன்று கையில் இருந்தால் போதும். ஏரியின் நடுவில், தண்ணீர் பீச்சும் பௌண்டன் பக்கமாகப் படகு திரும்பும்போது, முதல் தடவையாகக் கொஞ்சம் இலகுவாக மூச்சு விட்டார். காற்று முகத்தில் குளிர்ந்தது. யூகலிப்டஸ் வாசனையும் எங்கிருந்தோ மிளகாய் பஜ்ஜி எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்தது. கை நன்றாக இருக்கிறது, கண் நன்றாக இருக்கிறது, காது இன்னும் பேரிங் கேட்கும். ஒரு பாதம்தானே.

வாணியின் போன் அடித்தது. ஒரு கையால் எடுத்துக் காதில் வைத்தாள். "ம். நெசமாவா? எப்ப? அஞ்சரைக்கா?" என்று அவள் குரல் ஏறிக்கொண்டே போனது. வைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினாள், முகமெல்லாம் பல். "அப்பா, ஆடிட் முடிஞ்சுருச்சாம். அவுரு கெளம்பி வர்றாரு. சாயங்காலம் அஞ்சரைக்கு சேலம் ஜங்சனு. நாம இப்பவே ரூம காலி பண்ணிட்டு எறங்கிட்டம்னா அவரக் கூட்டிக்கிட்டு நேரா தர்மபுரி போயிரலாம். காலையில ஒகேனக்கல்லு. பரிசல்ல போலாங்கறாரு."

"பரிசலு!" என்று சஷ்மி கத்தினாள். பரிசல் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாது. "அப்புச்சி, பரிசலு!"

"சனிக்கெழமையும் அதுவுமா இன்னொரு ஊரா?" என்றாள் சாந்தாமணி. ஆனால் அவள் குரலிலும் மறுப்பு இல்லை, மாப்பிள்ளை வருகிறாரே. "மழ வர்ற மாதிரி இருக்குது. சட்டுனு எறங்கிருவமா? என்னங்க?"

என்னங்க. எல்லாரும் அவர் பதிலுக்குக் காத்திருந்தார்கள். பதில் என்ன என்று எல்லாருக்கும் ஏற்கனவே தெரியும் என்பது போலக் காத்திருந்தார்கள். "போலாம்" என்றார் சென்னியப்பன். தன் காதாலேயே கேட்டார். போலாம் என்றேனா? யார் சொன்னது? நாக்கு பதினெட்டு வருஷமாக அந்த ஒரு பதிலையே சொல்லிச் சொல்லி, அவரைக் கேட்காமலே சொல்லிவிட்டது. கால் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை, நாக்கு சொல்லாததையும் சொல்கிறது. இன்று ராத்திரி போயிற்று. ஆக்டிங் டிரைவர் போனான். நாடகம் போயிற்று. இன்னும் ஒரு மணி நேரத்தில், இந்த மஞ்சில், ஒருவேளை மழையில், இருபதிலிருந்து ஒன்று வரைக்கும் தலைகீழாக. இறங்கும்போது பிரேக்குக்குத்தான் எல்லா வேலையும். இரண்டாவது கியரில் போட்டுவிட்டால் பாதி வேலையை இஞ்சின் பார்த்துக்கொள்ளும், மீதியை? கையால் தொடையைப் பிடித்துக்கொண்டே இறங்கினால்? ஒரு கை ஸ்டியரிங், ஒரு கை தொடை, கியருக்குக் கை எங்கே? ஹேண்ட் பிரேக்கை வைத்தே இறங்கினால்? முட்டாள், முட்டாள். சாந்தாமணியைப் பின்னால் உட்காரச் சொல்லலாம், ஆனால் பின்னால் உட்கார்ந்தால் மட்டும் பள்ளம் ஆழம் குறைந்துவிடுமா? எந்த வளைவில் கைப்பிடிச்சுவர் இருந்தது, எதில் இல்லை? ஒன்பதில் இருந்தது. பதினொன்றில் இல்லை, வெறும் வெள்ளைக் கல்லு. சொல்லு. இப்பவே சொல்லு. சொன்னால் என்ன ஆகும், தலையா போய்விடும்? வாணி உடனே டாக்டரைப் பார்க்கணும் என்பாள். சாந்தாமணி அழுவாள், எல்லாருக்கும் போன் போட்டுச் சொல்லிச் சொல்லி அழுவாள். மச்சினன் வந்து தின்பண்டத்தோடு உட்கார்ந்து, இனி வண்டி எதுக்கு மாமா, குடுத்துருங்க என்பான். சாவியைக் கேட்பார்கள். யாருக்கு உடம்புக்கு என்றாலும் இனிமேல் அவருக்குப் போன் வராது. வேறு யாருக்கோ போன் போட்டுவிட்டு, பிறகு சேதி மட்டும் சொல்வார்கள். அதற்குத்தான் பயப்படுகிறாயா நீ, அதற்குப் போயா ஒரு குழந்தையைப் பள்ளத்தில் கொண்டுபோய்க் கொட்டப் பார்க்கிறாய் என்று அவரே அவரைக் கேட்டார். கேட்டுவிட்டு மேலும் வேகமாக மிதித்தார். வயிற்றுப்போக்கு என்று சொல்லிவிடலாமா? சொன்னால் ஒரு மணி நேரம் தள்ளிப்போகும். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லிவிடலாம். இஞ்சினைத் திறந்து ஒரே ஒரு ஒயரைக் கழற்றி விட்டால் போதும், யாருக்குத் தெரியப்போகிறது? இந்த யோசனை வந்ததும் அவருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஒருநாளும் நிற்காத வண்டியை, தன் மானத்துக்காக, எல்லார் முன்னாலும் நின்றுபோன வண்டி ஆக்குவதா? பஸ்காரன் மேல் போட்டாயிற்று, அடுத்தது வண்டி மேலா? ஆனாலும் அந்த ஒயரின் நிறம்கூட மனசில் வந்துவிட்டது, நீலம், எந்த ஸ்பானர் என்பதும் வந்துவிட்டது. செய்துவிடுவார் போலத்தான் இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது, ஏரிக் காற்று என்று நினைத்துக்கொள்வார்கள்.

"அம்மாயி, இங்க பாரு" என்று பாட்டியைக் கூப்பிட்டாள் சஷ்மி. அவள் இரண்டு சீட்டுக்கும் நடுவே தலையை விட்டு, கீழே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். "போட்டுல செவப்புத் தண்ணி."

வாணி குனிந்தாள். "ஐயோ, அப்பா, நிறுத்துங்க! கால எடுங்க, கால எடுங்கப்பா!"

சென்னியப்பனும் குனிந்து பார்த்தார். அந்த நேரமெல்லாம் அவர் பார்க்கவே இல்லை. போன் வந்ததிலிருந்து காலைப் பார்க்க மறந்துபோயிருந்தார். வலது கால் மிதியில் இல்லை. எப்போதோ வழுக்கி உள்பக்கமாக இறங்கியிருந்தது. மிதியைத் தாங்கும் இரும்புத் தண்டு ஒவ்வொரு சுற்றுக்கும் வந்து வந்து குதிகாலுக்கு மேலே அரைத்திருந்தது. எவ்வளவு நேரமாகவோ, அவர் வேகம் கூட்டக் கூட்ட அதுவும் வேகம் கூட்டி. தோல் ஒரு ரூபாய் அகலத்துக்குப் போயிருந்தது. படகின் அடியில் கிடந்த கொஞ்சம் தண்ணீர் முழுக்கச் சிவப்பு. அவர் அதைப் பார்த்தார். மற்ற மூணு பேரும் பார்க்கிற மாதிரியேதான் அவரும் பார்த்தார், அதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சாந்தாமணி முந்தானையைக் கிழிக்கப் பார்த்து, கிழியாமல், கர்ச்சீப்பை எடுத்து நீட்டினாள். வாணி சீட்டில் திரும்பி, அவர் காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடித்தாள். பிறகு நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். காயத்தை ஒரு தரம், முகத்தை ஒரு தரம். அவள் நெற்றி மெதுவாகச் சுருங்கியது.

"அப்பா, வலிக்கலயா?"

வலிக்குது என்று சொன்னால் போதும். ஒரு வார்த்தை. ஸ் என்று பல்லைக் கடித்து முகத்தைக் கொஞ்சம் சுளித்தால் இன்னும் நல்லது. வலிக்கிற கால் நல்ல கால். கட்டுப் போட்டுக்கொண்டு, சின்னச் சிராய்ப்புதான், இதுக்குப் போயி என்று எழுந்து நடந்து போய்க் கதவைத் திறந்து உட்கார்ந்துவிடலாம். அவர்கள் அவரை நம்புவார்கள். எப்போதும் நம்பினவர்கள்தானே, பதிமூணாவது வளைவிலேயே நம்பினார்களே. முகம் தானாகவே சுளிக்கத் தயாராகிவிட்டதை அவர் உணர்ந்தார், கன்னம் இழுத்தது, பல் சேர்ந்தது. வாணியின் விரல்கள் கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டிருந்தன. நகம் வெள்ளையாகிற அளவுக்கு அழுத்திக்கொண்டிருந்தாள். பெற்ற பெண் தன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்பதுகூட அவருக்குப் பார்த்துத்தான் தெரிந்தது. அந்த நினைப்பை அவரால் தாங்க முடியவில்லை.

"இல்ல கண்ணு" என்றார். "தெரியல. காலு இருக்கறதே தெரியல."

படகு தன்பாட்டில் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. "நேத்து பஸ்ஸுகாரன் மேல தப்பில்ல" என்றார். "அவன் நின்னுக்கிட்டுத்தான் இருந்தான். நாந்தான்."

"பாவி மனுசா" என்றாள் சாந்தாமணி. அவ்வளவுதான் சொன்னாள். பேத்தியை இழுத்துத் தன்னோடு சேர்த்துக்கொண்டாள். அவர் எதிர்பார்த்ததெல்லாம் வரிசையாக வரும் என்று தலையைக் குனிந்துகொண்டு காத்திருந்தார். சாவி வரும், டாக்டர் வரும், அழுகை வரும். சொல்லிவிட்டோம் என்று நெஞ்சுக்குள் ஒரு லேசான ஆறுதல்கூட வந்திருந்தது, கெட்டதெல்லாம் நடப்பதற்கு முன்னால் சொல்லிவிட்டோம் என்று.

"எத்தன நாளாங்கப்பா?" என்றாள் வாணி. சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"ஆச்சு. வருசம் பொறந்ததுல இருந்து."

வாணி தலையாட்டினாள். கர்ச்சீப்பை ஒரு மடிப்பு மடித்து மறுபடி வைத்தாள். அவள் ஏதோ கணக்குப் போடுவது போலிருந்தது. பிறகு அவள் கை நின்றது.

"மே மாசம் இவ உங்ககிட்டத்தான் இருந்தா" என்றாள். "இவளத் தனியா முன்னால உக்கார வெச்சு, கொல்லிமலைக்குக் கூட்டிக்கிட்டுப் போனீங்க. எழுவது வளைவு. போட்டோ அனுப்புனீங்க."

சென்னியப்பன் போட்டோ அனுப்பத்தான் செய்தார். மலை உச்சியில் கார் பக்கத்தில் பேத்தி, கையில் அன்னாசிப் பழம். நேற்று முழுக்க, இன்று முழுக்க, அத்தனை பயத்திலும் அந்த மே மாசம் ஒரு தரம்கூட அவர் ஞாபகத்துக்கு வரவில்லை. நடக்கப்போவதை எல்லாம் எண்ணிப் பார்த்தவர், நடந்துமுடிந்ததை எண்ணவே இல்லை. அன்றைக்கு அந்த எழுபதிலும் அவர் கால் எங்கே இருந்தது? அவருக்குத் தெரியாது. அன்று குனிந்துகூடப் பார்க்கவில்லை. பாட்டுப் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

வாணி அவர் காலை மெதுவாகத் தூக்கி சீட்டின் மேல் வைத்தாள். அவரைப் பார்க்கவில்லை. "அவர சேலத்துல இருந்து பஸ் புடிச்சு மேல வரச் சொல்றேன். அவரே ஓட்டட்டும்" என்றாள்.

"பரிசலு?" என்று கேட்டாள் சஷ்மி.

"இன்னொரு நாளைக்கு."

சென்னியப்பன் மற்ற காலையும் மேலே எடுத்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மஞ்சு ஏரிக்குள் பாதி வந்துவிட்டிருந்தது. வாணி ஒருத்தியாக மிதித்துப் படகைக் கரைக்குக் கொண்டுபோனாள்.